வைரஸ் சாரா மரபணுக் கடத்திகளின் உறைஉலர்த்தல்

டி.என்.ஏ. அல்லது ஆர்.என்.ஏ.வை நேர்மின்னேற்றம் கொண்ட கொழுமியத்தோடோ பலபடியோடோ பிணைத்து, உயிரணுவுக்குள் கொண்டுசெல்லத்தக்க நுண்துகள்களாக்குவர். அத்துகள்களை உறையவைத்து, வெற்றிடத்தில் பனியை உருகவிடாமல் நேரே ஆவியாக்கி, உலர்நிலையில் சேமிப்பதே இம்முறை.

1987-இல் கலிஃபோர்னியாவின் சின்டெக்ஸ் நிறுவனத்தில் பிலிப் ஃபெல்க்னர் குழுவினர் செயற்கைக் கொழுமியம் ஒன்றால் டி.என்.ஏ.வை உயிரணுக்களுக்குள் செலுத்திக் காட்டினர். 1995-இல் ஸ்ட்ராஸ்பர்க்கின் ஜான்-பால் பேர் குழு பாலிஎத்திலீனிமைன் என்ற பலபடியால் அதையே செய்தது. ஆனால் இக்கூட்டுகள் நீரில் நிலைப்பதில்லை. எதிரெதிர் மின்னேற்றங்களின் ஈர்ப்பால் உருவாகும் துகள்கள் நேரம் செல்லச்செல்ல ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிதாகும். அதனால் தொடக்ககால மருத்துவ ஆய்வுகளில் நோயாளிக்குச் செலுத்துவதற்குச் சற்று முன்புதான் டி.என்.ஏ.வையும் கடத்திப் பொருளையும் கலந்தனர். கலப்பவரின் கைக்கு ஏற்பத் துகளின் அளவும் வீரியமும் மாறும். ஆலையில் சோதித்து முத்திரையிட்டு அனுப்ப முடியாத ஒன்றை முழுமையான மருந்து என ஏற்பது கடினம். இத்துறையின் உண்மையான தடை இதுவே.

உறைஉலர்த்தல் அப்போதே முதிர்ந்த தொழில்நுட்பம். 1930-களில் பிலடெல்ஃபியாவில் ஃப்ளாஸ்டார்ஃப், மட் என்ற இரு ஆய்வாளர்கள் இரத்த ஊநீரை அவ்வாறு உலர்த்தினர்; இரண்டாம் உலகப்போரில் உலர்பிளாஸ்மா களத்துக்குச் சென்றது. 1950-களில் லண்டன் லிஸ்டர் நிறுவனத்தின் லெஸ்லி கோலியர் செம்மைப்படுத்திய உலர் தடுப்பூசி, வெப்பநாடுகளில் பெரியம்மை ஒழிப்புக்குத் துணைநின்றது. மரபணுக் கூட்டுகளோ இம்முறைக்கு எளிதில் இணங்கவில்லை. நீர் உறையும்போது பனிப்படிகம் தூய நீரை மட்டுமே எடுத்துக்கொள்ளும். துகள்களும் உப்புகளும் எஞ்சிய சிறிதளவு திரவத்தில் நெருக்கப்படும். அங்கேதான் அவை திரள்கின்றன.

1997-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஆன்கார்டகீ, ஜான் கார்ப்பென்டர் குழுவினர் சுக்ரோஸ், டிரெஹலோஸ் போன்ற சர்க்கரைகளைப் போதிய அளவில் சேர்த்தால் கொழுமியக் கூட்டின் செயல்திறன் உலர்த்தலுக்குப் பின்னும் நிலைப்பதைக் காட்டினர். அதே ஆண்டில் நெதர்லாந்தின் யூட்ரெக்டிலிருந்து பலபடிக் கூட்டுகளுக்கும் அதே செய்தி வந்தது.

சர்க்கரை எவ்வாறு காக்கிறது என்பதில் கருத்துகள் மோதின. வறண்டும் உயிர்பிழைக்கும் சிற்றுயிர்களை ஆராய்ந்த கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகர ஜான், லோயிஸ் குரோ இணையர், நீர் விட்டுச்சென்ற இடத்தை டிரெஹலோஸ் நிரப்புவதாக 1980-களில் வாதிட்டிருந்தனர். சர்க்கரை கண்ணாடிபோல் இறுகித் துகள்களை அசையாமல் நிறுத்துவதே காரணம் என்றனர் வேறு சிலர். 2000-இல் ஆன்கார்டகீ குழு மூன்றாவது விளக்கத்தை முன்வைத்தது: உறையாத திரவத்தில் சர்க்கரை மிகுந்திருந்தால் துகள்களுக்கிடையே தூரம் காக்கப்படும், உறைதல் கட்டத்தில் திரளாமலிருக்க அதுவே போதும், கண்ணாடிநிலை கட்டாயமில்லை. மூன்று விளக்கங்களில் மிகப் பயனுள்ளது இது என்றே சொல்லலாம். உறைதல், உலர்தல், சேமிப்பு ஆகிய கட்டங்களுக்குத் தனித்தனிப் பாதுகாப்பு தேவை என்ற எண்ணத்துக்கு அது வழிதிறந்தது.

அடுத்த ஆண்டே அக்குழு, துகளின் அளவு மாறாதிருந்தும் செயல்திறன் குறையக்கூடும் என்று காட்டியது. சேமிப்புக் கட்டமோ இன்னும் கடினமானது. ஈரம் நீக்கப்பட்ட கட்டியிலும் வேதிமாற்றம் முற்றிலும் நிற்பதில்லை. இம்மியளவு இரும்பு போன்ற உலோக அசுத்தங்கள் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளைத் தோற்றுவித்து டி.என்.ஏ. இழையையும் கொழுமியத்தையும் சிதைக்கின்றன. ஆகவே உலோகத்தைப் பிணைத்துக்கொள்ளும் சேர்மங்கள், தூய மூலப்பொருள்கள், ஆக்சிஜன் நீக்கிய குப்பிகள் ஆகியவற்றின் பக்கம் கவனம் திரும்பியது.

கோவிட் பெருந்தொற்று இப்பழைய சிக்கலை உலகச் சிக்கலாக்கியது. 2020-இன் இறுதியில் வந்த ஃபைசர்-பயோஎன்டெக் ஆர்.என்.ஏ. தடுப்பூசியை நீண்டகாலம் வைத்திருக்க அப்போது சுமார் −70 பாகை செல்சியஸ் குளிர் தேவைப்பட்டது. புனேயின் ஜெனோவா நிறுவனம் உறைஉலர்த்திய தடுப்பூசியை 2022-இல் 2 முதல் 8 பாகையில் சேமிக்கத்தக்கதாகக் கொண்டுவந்தது. ஆர்க்டூரஸ் நிறுவனத்தின், உயிரணுவுக்குள் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் ஆர்.என்.ஏ. தடுப்பூசிக்கு ஜப்பான் 2023 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. அது கொழுமிய நுண்துகளில் பொதிந்து உலர்த்தப்பட்டு, செலுத்துமுன் நீர்மமாகக் கரைக்கப்படுவது.