பலகை சொன்னதும் சொல்லாததும்

வரலாற்றைக் கல்வெட்டிலும் ஓலையிலும் தேடிப் பழகிய நாம், அதனைக் கடைப்பலகையில் தேடுவது அரிது. எனினும், ஓர் அங்காடியின் முகப்பும் உள்ளமைப்பும் தம் காலத்தின் மனத்தைக் காட்டும் ஏடுகளே. உல்வொர்த் என்னும் அமெரிக்கப் பல்பொருள் அங்காடியை இதற்குச் சான்றாகக் கொள்வோம்.

பிராங்க் உல்வொர்த், 1879ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகா நகரில் திறந்த கடை சில மாதங்களிலேயே மூடப்பட்டது. அதே ஆண்டு பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் நகரில் அவர் தொடங்கிய கடை நிலைபெற்றது. அக்காலக் கடைகள் பலவற்றில் பொருள்கள் விற்பவருக்குப் பின்னேயுள்ள அடுக்குகளில் இருக்கும். அவரைக் கேட்டே வாங்குதல் வேண்டும். உல்வொர்த்தோ பொருள்களை மேடைகளின்மீது பரப்பி, 5 காசு என விலையையும் எழுதி வைத்தார். பின்னர் 10 காசுப் பொருள்களும் சேர்ந்தன. வாங்குவோர் தாமே கண்டனர், தொட்டனர், தேர்ந்தனர். சிவப்பு முகப்பும் அதன்மேற் பொன்னிற எழுத்துகளும் நகரந்தோறும் அக்கடையின் அடையாளமாயின. எழுதிய விலை யாவர்க்கும் ஒன்றே. பேரம் பேச அறியாத எளிய உழைப்பாளிக்கு அது சிறு மதிப்பன்று.

ஆயினும், பலகை சொன்ன சமன்மை கடை முழுவதும் பரவவில்லை. வட கரோலைனாவின் கிரீன்ஸ்பரோ நகரிலிருந்த உல்வொர்த் கடைக்கு 1960 பிப்ரவரி 1ஆம் நாள் கறுப்பின மாணவர் நால்வர் சென்றனர். எசல் பிளேர், பிராங்க்ளின் மெக்கெயின், ஜோசப் மெக்நீல், டேவிட் ரிச்மண்ட் என்போர் அவர்கள். பற்பசை முதலியவற்றை வாங்கிப் பற்றுச்சீட்டும் பெற்றனர். பின்னர், அதே கடையின் சிற்றுண்டி முகப்பில் அமர்ந்து காப்பி கேட்டனர். அது வெள்ளையர்க்கே உரிய இடமென மறுக்கப்பட்டது. ஒரு முகப்பிற் செல்லுபடியான அவர்தம் காசு, அதே கூரையின்கீழ் மற்றொரு முகப்பிற் செல்லாக் காசாயிற்று.

நால்வரும் கடை மூடும்வரை அமைதியாக அமர்ந்திருந்தனர். சில நாள்களில் அவர்களோடு சேர்ந்தோர் தொகை நூற்றுக்கணக்காயிற்று. ஜூலை 25ஆம் நாள் நிருவாகம் இணங்கியது. அன்று முதலில் உணவு பரிமாறப்பட்ட கறுப்பினத்தவர் அக்கடையின் ஊழியர்களே! தாம் நாள்தோறும் உழைத்த இடத்தில் அமர்ந்து உண்ணும் உரிமையை அவர்கள் அன்றே பெற்றனர்.

அக்கட்டடம் 2010 முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது. சிற்றுண்டி முகப்பின் ஒரு பகுதி வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் காக்கப்படுகிறது. வாடிக்கையாளரைக் கவர அமைத்த இருக்கைகள், இன்று வரலாற்று ஆவணங்களாக நிற்கின்றன.

ஆசிரியர்களும் மாணவர்களும் நாள்தோறும் பேரங்காடிகளைக் கடந்து செல்கிறோம். அங்குள்ள பலகைகளை வாசிக்கும்போது, இவை யாரை அழைக்கின்றன, யாருடைய மொழியிற் பேசுகின்றன, யாரைச் சொல்லாமலே விலக்குகின்றன என நாம் வினவுதல் வேண்டும். எழுதப்பட்டதைப் படிப்பது எழுத்தறிவு. எழுதப்படாததையும் உணர்வதே வரலாற்றறிவு.