காசில்லாமல் தொடங்கின சனங்களின் பாதீடு

'பங்கேற்புப் பாதீடு' எண்டால் இண்டைக்கு நியூயோர்க்கும் பாரிசும் செய்யிற விசயம். ஆனால் அது பிறந்த இடம் பிரேசிலின் தெற்கில் இருக்கிற போர்ட்டோ அலெக்ரே நகரம். அது எப்படித் தொடங்கியது, எப்படி ஓய்ந்தது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை விளங்கும்.

1964 முதல் 1985 வரை பிரேசிலில் இராணுவ ஆட்சி. அந்தக் காலத்தில் கிராமங்களிலிருந்து வந்த சனம் போர்ட்டோ அலெக்ரேயின் ஓரங்களில் குடிசை போட்டுக் குடியேறியது. குழாய்த் தண்ணி இல்லை, கழிவுநீர் வசதி இல்லை, மழை பெய்தால் வீதியெல்லாம் சேறு. இந்தக் குடியிருப்புகளின் சங்கங்கள் 1983 இல் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்தன. நகரத்தின் பாதீட்டைத் தீர்மானிப்பதில் தங்களுக்கும் பங்கு வேணும் எண்டு 1986 இலேயே அவர்கள் கேட்டுவிட்டார்கள். ஆகவே இது ஏதோ ஒரு கட்சியின் மூளையில் மட்டும் உதித்த யோசனை இல்லை.

1988 தேர்தலில் தொழிலாளர் கட்சி வென்றது. வங்கி ஊழியராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் இருந்த ஒலிவியோ டுட்ரா மேயரானார். கதவைத் திறந்து பார்த்தால் கல்லாப்பெட்டி காலி! வருமானத்தில் பெரும்பகுதி சம்பளத்துக்கே போனது. கூட்டம் வைத்துச் சனத்தின் கோரிக்கைகளை எழுதினார்கள், ஆனால் செய்யக் காசில்லை. சனத்துக்குச் சலிப்பு வந்தது. ஆரம்பக் கூட்டங்களுக்கு வந்தவர்கள் ஆயிரத்துக்கும் குறைவு.

பிறகுதான் முக்கியமான வேலை நடந்தது. சொத்து வரியைச் சீர்திருத்தி, வசதியானவர்களிடம் கூடுதலாக அறவிட்டார்கள். 1988 இன் புதிய அரசியலமைப்பால் நகரங்களுக்கு வரும் பங்கும் கூடியது. வீதியும் குழாயும் கண்ணுக்குத் தெரியத் தொடங்க, சனமும் வரத் தொடங்கியது. 1992 இல் வந்தவர்கள் 7,000 இற்கும் மேல். பங்கேற்பைப் பற்றிப் பேசும்போது நாங்கள் அடிக்கடி மறக்கிற விசயம் இது: பிரிக்கக் காசில்லாத இடத்தில் கூட்டம் வெறும் கதைதான்.

முறை இப்படி. நகரத்தை 16 பிரிவுகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பிரிவிலும் சனம் கூடி, தண்ணியா, வீதியா, வீடா முதலில் வேணும் எண்டு வரிசைப்படுத்தும். தங்களுக்குள் பிரதிநிதிகளையும் தெரியும். அந்தப் பிரதிநிதிகளுக்குச் சம்பளம் கிடையாது. சத்தம் போடுகிறவருக்குக் காசு போகாமலிருக்க ஒரு கணக்கும் வைத்தார்கள். ஒரு பிரிவின் சனத்தொகை எவ்வளவு, அங்கே அந்த வசதி எவ்வளவு குறைவு, அந்தச் சனம் எதை முதலில் கேட்டது என்ற மூன்றுக்கும் புள்ளி போட்டார்கள். வசதி குறைந்த பிரிவுக்குக் கூடப் புள்ளி. 1994 இலிருந்து போக்குவரத்து, கல்வி போன்ற துறைகளுக்கெனத் தனிக் கூட்டங்களும் நடந்தன.

குறைகளும் இருந்தன. சம்பளமும் அன்றாடச் செலவும் போக, மிஞ்சுகிற முதலீட்டுப் பணத்தைப் பற்றித்தான் சனம் தீர்மானிக்க முடிந்தது. அதைவிடப் பெரிய குறை வேறு. இந்த முறையை அவர்கள் சட்டமாக்கவில்லை. சட்டமாக்கினால் விதிகள் இறுகிவிடும், ஒவ்வொரு வருடமும் சனமே விதிகளைத் திருத்த முடியாமல் போகும் என்பது அவர்களின் வாதம். அதில் நியாயமும் இருந்தது.

ஆனால் 2004 இல் தொழிலாளர் கட்சி தோற்றது. பங்கேற்புப் பாதீட்டை வைத்திருப்போம் எண்டு வாக்குக் கொடுத்து வென்ற புதிய நிர்வாகம் பெயரை வைத்திருந்தது, உயிர் மெல்ல மெல்லப் போனது. 2017 இல் இன்னொரு மேயர் கூட்டங்களையே இடைநிறுத்தினார். தடுக்க ஒரு சட்டமும் இருக்கவில்லை.

அப்ப, சட்டம் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்குமா? வெறும் சட்டம் மட்டும் எண்டால், பெயரளவில் கூட்டம் நடந்திருக்கும். 1986 இல் இந்தக் கோரிக்கையை எழுப்பினது மேயர் இல்லை, சேற்றுக்குள் நடந்த சனம். ஆனால் அந்தச் சனத்தின் கையில் ஒரு சட்டமும் இருந்திருந்தால், 2017 இல் அவர்கள் கெஞ்சாமல் கேட்டிருக்கலாம்.