களிம்பு ஏறும் மாதங்கள்

இரண்டாம் சரபோஜி (1798–1832) தஞ்சாவூர் அரண்மனையில் மேற்கத்திய பேண்டு வைத்திருந்தார். அவர் பட்டத்துக்கு வந்த காலத்து ட்ரம்பெட்டில் வால்வே கிடையாது. வெறும் நீளக் குழாய். உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் ச, ப, மேல் ச, அப்புறம் க என்று தாவித் தாவித்தான் வாசிக்க முடியும். நடுவில் இருக்கும் சுரங்கள் வராது.

1818இல் பிரஷ்யாவில் ஸ்டோல்ட்செல், ப்ளூமெல் என்ற இருவர் சேர்ந்து வால்வுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். வால்வை அழுத்தினால் காற்று கூடுதலாக ஒரு குழாயைச் சுற்றிப் போகும், சுரம் இறங்கும். 1830களின் இறுதியில் பாரிஸில் பெரினே அதைத் திருத்தினார். நம் ஊர் கல்யாண பேண்டு செட்டின் ட்ரம்பெட் வரை வந்திருப்பது அந்த பிஸ்டன்தான். மூன்று வால்வு இருந்தால் எல்லா சுரமும் கிடைக்கும்.

சும்மா கிடைக்காது. பிஸ்டனுக்கும் அதன் உறைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி தலைமுடியைவிட மெல்லியது. அதை நிரப்புவது எண்ணெய். அது உராய்வைக் குறைக்கும், காற்று கசியாமலும் அடைக்கும். அதனால் வால்வுக்கு நீர்த்த எண்ணெய், சுருதி சேர்க்கும் ஸ்லைடுக்குக் கெட்டியான கிரீஸ். மாற்றிப் போட்டால் வால்வு மந்தமாகும், ஸ்லைடு நிற்காமல் நழுவும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விட்டால், 24 டிகிரிக்குக் கீழே அது உறைய ஆரம்பிக்கும். மார்கழி விடியற்காலையில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மார்கழியில்தான் கல்யாணமும் கிடையாது. வால்வு அதிகம் இறுகுவது வாசிக்கும்போது இல்லை, இந்த மாதிரி சும்மா கிடக்கும்போதுதான். உள்ளே தங்கிய எச்சில் காயும், எண்ணெய் வற்றும், பித்தளையில் இருக்கும் செம்பு பச்சையாகக் களிம்பு கட்டும். ஆன்மாவோடு ஒட்டிய மலத்துக்கு சைவ சித்தாந்தம் சொல்லும் உவமையும் இதே களிம்புதான்.

பள்ளிப்பட்டு மாதிரி ஆந்திர எல்லையோர ஊரில் இந்தக் கணக்கு இன்னும் சிக்கல். தெலுங்கு ஆஷாடம் பெரும்பாலும் நம் ஆடிக்கு முன்பே தொடங்கி, ஆடி அமாவாசையோடு முடிந்துவிடும். சிராவணம் பிறந்ததும் அந்தப் பக்கம் முகூர்த்தம், இந்தப் பக்கம் இன்னும் ஆடி. திருத்தணி மலை ஆடிக் கிருத்திகைக் காவடிகளால் நிரம்பும் நாட்களில், கல்யாணத்தை நம்பியிருக்கும் ட்ரம்பெட் மூட்டைக்குள் கிடக்கும். இறுகிய வால்வோடு அது வெளியே வந்தால் அன்றைய கூலி போச்சு. குறடு போட்டு இழுத்தால் வாத்தியமே போச்சு. குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்ப்பதுபோல பிஸ்டனைத் தேய்க்கவும் முடியாது. தேய்ந்த உலோகம் திரும்ப வளராது, அந்த இடைவெளி அகன்றே போகும்.

சாஃப்ட்வேரில் யாரும் தொடாத சர்வர்தான் முதலில் பயமுறுத்தும். இதுவும் அப்படித்தான். செய்ய வேண்டியது சின்ன வேலை: வாரத்துக்கு ஒருமுறை மேல்மூடியைத் திருகி, பிஸ்டனை உருவி, துணியால் துடைத்து, நாலு சொட்டு எண்ணெய் விட்டு, அதே எண் போட்ட உறைக்குள் திரும்ப இறக்க வேண்டும். ஸ்லைடுகளைக் கொஞ்சம் இழுத்துத் தள்ள வேண்டும். ஊர்வலத்தில் நிற்கும் யாருக்கும் இது தெரியாது. ஆனால் ஆவணி முதல் முகூர்த்தத்தில் கேட்கும் பாட்டு, வருமானமே இல்லாத ஆடியில் ஒருவர் கைக்காசு போட்டு வாங்கிய எண்ணெயில்தான் ஓடுகிறது.