ஜாய் எலக்ட்ரிக்: கருவியில் காத்த விசுவாசம்

கிறிஸ்தவ இசை என்றால் வரிகளில் இயேசுவின் பெயரை எண்ணிப் பார்ப்பது அமெரிக்கக் கிறிஸ்தவ இசைச் சந்தையின் பழக்கம். கலிபோர்னியாவின் ரோனி மார்ட்டின் நடத்திய ஜாய் எலக்ட்ரிக் குழுவை அந்த அளவுகோலால் அளந்தால் அதன் சாரம் நழுவிவிடும். தம்பி ஜேசனுடன் டான்ஸ் ஹவுஸ் சில்ட்ரன் என்ற பெயரில் தொடங்கிய அவர், 1994-இல் டூத் அண்ட் நெயில் இசை நிறுவனத்தில் ஜாய் எலக்ட்ரிக்கின் ‘மெலடி’ ஆல்பத்தை வெளியிட்டார். கிதார் இரைச்சல் கோலோச்சிய காலம் அது. தம்பியே ஸ்டார்ஃப்ளையர் 59 குழுவோடு அப்பக்கம் போனார். ரோனியோ பழைய அனலாக் சிந்தசைசர்களைப் பற்றிக்கொண்டார். தாளத்தைக்கூட டிரம் மெஷினிடம் கேட்கவில்லை. மின்னலைகளையும் இரைச்சலையும் செதுக்கி, ஒவ்வொரு அடியையும் சிந்தசைசரிலேயே உருவாக்கினார். மலிவான வழி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அதை மறுத்த இந்த ஒழுக்கத்தைத்தான் அவருடைய பக்தியின் முதல் சான்றாக நான் கொள்கிறேன்.

இது வெறும் பழமை மோகம் அல்லவா, தேவதைக் கதை போன்ற வரிகளில் விசுவாசம் எங்கே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் பழமை மோகம் ஓரிரு இசைத்தட்டுகளில் தணிந்துவிடும். இவரோ 2001-இல் ‘தி வைட் சாங்புக்’ தொடங்கி ‘லெகஸி’ வரிசையை ஆண்டுக்கணக்கில் வளர்த்தார். விசுவாசத்தை அவர் மறைத்தவரும் அல்லர்: 1999-இல் ஓர் ஆல்பத்துக்கே ‘கிறிஸ்டியன் சாங்ஸ்’ என்று பெயரிட்டார். பின்னாளில் ஒஹாயோவின் ஆஷ்லண்டில் சபைப் போதகரானார்.