ஆக்கிய சொல்லும் ஆள்வோரும்

வெள்ளவத்தை மாணவன் ஒருவனின் பௌதிக நூலையும் சென்னை மாணவன் ஒருவனின் இயற்பியல் நூலையும் அருகருகே விரித்து வைத்தால் ஒரு விந்தை புலப்படும். முன்னவனுக்கு 'நிறை' என்பது பூமி ஒரு பொருளைத் தன்பால் இழுக்கும் விசை. பின்னவனுக்கோ அதே சொல் அப்பொருள் தன்னகத்தே கொண்ட பருப்பொருளின் அளவு. இங்கே அவ்வளவைத் 'திணிவு' என்பர். அங்கே இழுவிசையை 'எடை' என்பர். இங்கே 'ஆர்முடுகல்', அங்கே 'முடுக்கம்'. இருவரும் கற்பது தமிழிலேதான். எனினும் இச்சொற்களின் இப்பொருள்கள் பாட்டன் வாய்வழி வந்தவை அல்ல. அறிஞர் குழுக்கள் அமர்ந்து வகுத்தவை.

வகுத்தமைத்த மொழி உயிர்வாழுமா என்ற கேள்விக்கு ஐரோப்பாவிலே இரு விடைகள் கிடைத்தன. ஷ்லையர் என்னும் ஜெர்மானியப் பாதிரியார் 1879இல் 'வோலாப்பூக்' என்றொரு மொழியை ஆக்கினார். 1889இல் பாரிஸ் நகரில் அம்மொழியிலேயே மாநாடும் நடந்தது. அதன்பின் அதைத் திருத்த விரும்பியோர்க்கும், இறுதி அதிகாரம் தமதே என்று நின்ற ஆசிரியருக்கும் பூசல் மூண்டது. சில ஆண்டுகளிலே இயக்கம் சிதைந்தது. 1887இல் வார்சோ நகரில் 'எஸ்பெராந்தோ'வை வெளியிட்ட கண் மருத்துவர் ஸாமென்ஹோப், தம் முதல் நூலிலேயே மொழியின் மீதான உரிமையைத் துறந்தார். ஹிட்லரும் ஸ்டாலினும் அதைப் பேசியோரைத் துன்புறுத்தியும் அது மாயவில்லை. பெற்றோரிடமிருந்து அதைத் தாய்மொழியாகவே கற்ற பிள்ளைகளும் உளர்.

தமிழர் முழுமொழியொன்றை ஆக்கப் புகவில்லை. அவர்க்கு வேண்டியிருந்தது விஞ்ஞானம் பேசும் நா. 1936இல் சென்னையிலே கூடிய சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள். கொழும்பிலே விஞ்ஞானம் பயின்று, 1920இல் இலண்டன் பட்டம் பெற்று, பின்னர் இராமகிருஷ்ண சங்கத்திலே துறவு பூண்டவர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவர். அன்று இரு கரையும் ஒரு மேசையில் அமர்ந்தன. அது நீடித்திருந்தால் இன்று 'நிறை'க்கு இரு பொருள் நேர்ந்திராது.

இலங்கையில் 1945 முதல் ஆரம்பக் கல்வி தாய்மொழிக்கு மாறிற்று. மேல்வகுப்புகளும் படிப்படியே பின்தொடர்ந்தன. பிள்ளைகள் வகுப்பேறி வர, சொற்கள் அவர்களுக்கு முன்னே ஓடவேண்டியிருந்தது. 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. அவற்றை ஆக்கியோர் கிரந்த எழுத்தைக் கூடியமட்டும் விலக்கினர். பிறமொழிச் சொல்லையும் தமிழ்ப் புணர்ச்சி விதிக்குள் நிறுத்தினர். காபன், ஈர், ஒட்சைட்டு என்னும் மூன்றும் கூடிக் 'காபனீரொட்சைட்டு' ஆயிற்று. ஒட்சிசன் ஒன்றே சேரின் 'காபனோரொட்சைட்டு'. ஓர், ஈர் என்னும் எண்ணுப்பெயர் அடைகள் உயிர்முன் வருமாறு இலக்கணம் கற்ற பிள்ளை, அதே விதியை இரசாயன வகுப்பிலே மீண்டும் காண்கின்றான். இதனை வாய்க்கு வராத சொல் என்று நகைத்தவரும் உண்டு. ஆயினும் பெயரைக் கேட்ட மாத்திரத்தே அணுக்களின் எண்ணிக்கை தெரிகின்றதே! வேகம் கூடுதல் ஆர்முடுகல் என்றால், அது குறைதல் 'அமர்முடுகல்'. அமர்தல் அடங்குதலாதலின், குறிப்புணர்த்தும் அழகு இச்சொல்லுக்கு உண்டு.

சொற்றொகுதி அச்சேறிய நாளில் அவை வெறும் பட்டியலே. அவற்றுக்கு உயிர் தந்தோர் கரும்பலகை முன் நின்ற ஆசிரியர்கள். அவருட் பலர் தாம் ஆங்கிலத்திலே கற்றதை முதல்நாள் இரவு தமிழாக்கி, மறுநாள் வகுப்பிலே சொல்லிப் பார்த்தவர்கள். பின்னர் அவர்தம் மாணாக்கர் ஆசிரியராயினர். கொட்டாஞ்சேனையின் மாலை வகுப்புகளிலே 'ஐதரசன்', 'நைதரசன்' என்று ஒப்பிக்கும் பிள்ளைக்கு அவை எவரோ ஆக்கியவை என்ற நினைவே இல்லை.

அச்சமுதாயம் சிதறவும் செய்தது. 1983க்குப் பின் தமிழகம் சென்று பள்ளியிற் சேர்ந்த ஈழத்துப் பிள்ளைகள் 'நிறை'யின் பொருளைப் புதிதாய்க் கற்கவேண்டியதாயிற்று. 2001இல் உயர்தர விஞ்ஞான வகுப்புகளுக்கு ஆங்கில வழி மீண்டும் திறக்கப்பட்டது. கொழும்புப் பெற்றோர் பலர் அவ்வழியை நாடுகின்றனர். பிள்ளையின் நாளைய தொழிலை எண்ணுவோரைக் குறைகூறல் தகாது. இனி வெள்ளவத்தை வீடொன்றிலே அண்ணன் தமிழில் எழுதும் கணக்கைத் தங்கை ஆங்கிலத்தில் எழுதக்கூடும். இருவருக்கும் விடை ஒன்றே. தங்கைக்கு விளங்காத இடத்தை அண்ணன் சொல்லிக்கொடுக்கும்போது அவன் வாயில் 'ஆர்முடுகல்' என்றே வருகின்றது. அவளும் சற்று நின்று, அது இன்னதென்று கேட்டறிந்து, மேலே எழுதுகின்றாள்.