ஆபீஸ் இடம் மாறினா வேலை போகுமா? நியூயார்க் நிறுவனத்தின் இடமாற்றமும் அமெரிக்கச் சட்டமும்

நியூயார்க்கின் பெரிய முதலீட்டு நிறுவனங்களில் ஒன்றாக இருந்தது அலையன்ஸ்பெர்ன்ஸ்டீன். தலைமையகத்தை டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகருக்கு மாற்றப்போவதாக 2018 மே மாதம் அது அறிவித்தது. நகரும் வேலைகள் சுமார் 1,050. "இடம்தானே மாறுது, வேலை போகலையே?" என்று தோன்றலாம். ஆனால் கணக்கு அவ்வளவு எளிது இல்லை.

ஏன் நாஷ்வில்?

வரியும் செலவும்தான் முக்கியக் காரணம். நியூயார்க் நகரில் வசிப்பவர்கள் மத்திய அரசு, மாநிலம், நகரம் என மூன்று அடுக்காக வருமான வரி கட்டணும். டென்னசியில் சம்பளத்துக்கு மாநில வருமான வரியே கிடையாது. வீட்டுச் செலவும் நியூயார்க்கைவிடக் குறைவு.

யாரெல்லாம் போகணும்?

நிதி, ஐ.டி., மனிதவளம், விற்பனை, மார்க்கெட்டிங் போன்ற பிரிவுகளின் வேலைகள் பட்டியலில் இருந்தன. முதலீட்டு முடிவுகளை எடுக்கும் ஃபண்ட் மேலாளர்கள் உள்ளிட்ட சில பிரிவினர் நியூயார்க்கிலேயே இருப்பார்கள் என்றது நிறுவனம்.

போக முடியாதவங்க நிலைமை?

இரு நகரங்களுக்கும் இடையே சாலை வழியே சுமார் 1,400 கி.மீ. கணவன் அல்லது மனைவியின் வேலை, பிள்ளைகளின் பள்ளி, வயதான பெற்றோர் என எது தடுத்தாலும், அந்த ஊழியருக்கு அது வேலை இழப்புதான். நிறுவனத்தின் கணக்கில் மட்டும் அந்த வேலை அப்படியே இருக்கும். நாஷ்வில்லில் வேறொருவர் அதில் சேருவார்.

சட்டம் என்ன சொல்லுது?

அமெரிக்காவில் 1988-ல் வந்த 'வார்ன்' சட்டத்தின்படி, 100 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனம், பெருமளவில் ஆட்களைக் குறைக்கும் முன் 60 நாள் நோட்டீஸ் தரணும்.

இடமாற்றத்துக்குத் தனி விதி உண்டு. புது ஆபீஸ் தினமும் போய்வரக்கூடிய தூரத்தில் இருந்து, அங்கே வேலை தர நிறுவனம் முன்வந்தும் ஊழியர் மறுத்தால், அது வேலை இழப்பாகக் கருதப்படாது. தூரம் அதைவிட அதிகம் என்றால், ஊழியர் உரிய காலத்துக்குள் சம்மதித்தால் மட்டுமே இந்த விலக்கு பொருந்தும்.

நியூயார்க் மாநிலச் சட்டம் இன்னும் கடுமையானது. அங்கே நோட்டீஸ் காலம் 90 நாள். ஆபீஸ் 50 மைல் (சுமார் 80 கி.மீ.) அல்லது அதற்கு மேல் தள்ளிப் போய், குறைந்தது 25 முழுநேர ஊழியர்கள் வேலை இழந்தாலே இந்தச் சட்டம் பொருந்தும்.

இழப்பீடு கிடைக்குமா?

நோட்டீஸ் தராமல் விட்டால், மத்தியச் சட்டப்படி அதிகபட்சம் 60 நாள் சம்பளமும் சலுகைகளும் கேட்கலாம். முறையாக நோட்டீஸ் கொடுத்துவிட்டால், அதற்கு மேல் பணிநீக்கத் தொகை தர வேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அது பெரும்பாலும் வேலை ஒப்பந்தத்தையும் நிறுவனத்தின் கொள்கையையும் பொறுத்தது.

எனவே, இடமாற்றச் செய்தி வரும்போது எத்தனை வேலைகள் நகருது என்பதோடு நின்றுவிடக் கூடாது. அந்த வேலைகளோடு எத்தனை பேர் நகர்ந்தாங்க என்பதையும் பார்க்கணும். வேலை இழப்பு இருப்பது அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான்.