பல் வலி: எப்போது ரூட் கெனால், எப்போது பிடுங்குவது?

கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் வட்டாரத் தோட்டங்களில் பல் வலி வந்தால் கிராம்பை வைத்து, பனடோலோ பொன்ஸ்தானோ விழுங்கி நாளைத் தள்ளுவார்கள். தாங்க முடியாமல் போனால் அரசாங்கப் பல் கிளினிக்குக்குப் போய்ப் பிடுங்கிவிடுவார்கள். டவுன்வாசிகளின் கவலை வேறு. தனியார் கிளினிக்கில் ‘ரூட் கெனால் செய்ய வேண்டும்’ என்கிறார்கள், கடைவாய்ப் பல்லுக்கு ஆயிரம் வெள்ளியையும் தாண்டுகிறது, செய்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. மலாயில் ‘ரவாத்தான் ஆக்கார்’ எனப்படும் இந்த வேர் சிகிச்சை சிலருக்கு அவசியம், சிலருக்கு வீண் செலவு. வலியின் கடுமையை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய முடியாது. எஞ்சியிருக்கும் பல் எவ்வளவு என்பதே முக்கியக் கேள்வி.

பல்லின் நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய மென்மையான சதை இருக்கிறது. சொத்தை அதுவரை இறங்கினால் கிருமி புகுந்து சதை வீங்கப் பார்க்கும். சுற்றிலும் கெட்டியான சுவர் இருப்பதால் வீங்க இடமில்லை. அதனால்தான் வலி உயிரை எடுக்கிறது. சில நாளில் அது தானாகவே நின்றும் போகலாம். ‘சரியாகிவிட்டது’ என்று பலர் ஏமாறும் இடம் இதுதான். பெரும்பாலும் நரம்பு செத்துவிட்டது என்றுதான் அதற்குப் பொருள். கிருமி வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்.

வேர் சிகிச்சையில் கெட்ட சதையை எடுத்து, வேரின் குழாய்களைச் சுத்தம் செய்து அடைக்கிறார்கள். முன்பல்லில் பொதுவாக ஒரு குழாய், கடைவாய்ப் பல்லில் மூன்று அல்லது நான்கு. விலை ஏறுவது இதனால்தான். அடைக்கப் பயன்படும் பொருள் ‘குட்டா பெர்ச்சா’. நம் தீபகற்பத்துக் காடுகளில் வளரும் தாபான் மரத்தின் பால் அது. பெயரே மலாய் மொழியின் ‘கெத்தா பெர்ச்சா’விலிருந்து போனதுதான். ரப்பர் பால் வெட்டிய குடும்பங்களுக்கு அது ஒன்றுவிட்ட உறவு என்றே சொல்லலாம்.

எந்த வலிக்கு எது?

ஐஸ் தண்ணீர் குடித்ததும் சுரீரென்று கூசி, ஓரிரு விநாடியில் அடங்கினால் ரூட் கெனால் தேவைப்படுவது அரிது. சொத்தையைச் சுரண்டி அடைத்தாலே பெரும்பாலும் போதும். ஈறு இறங்கி வேர் வெளியே தெரிவதாலும் இப்படிக் கூசலாம். இந்த நிலையில் யாராவது நேராக ரூட் கெனால் என்று சொன்னால் காரணம் கேளுங்கள்.

தே தாரிக் குடித்த வலி அரை நிமிடம் தாண்டியும் நீடித்தால், எதுவும் சாப்பிடாமலேயே தூக்கத்தைக் கெடுத்தால், ஈற்றில் சீழ்க் கொப்புளம் வந்து வந்து போனால், மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த பிறகு முன்பல் கறுத்துப்போனால் நரம்பு மீளாத நிலைக்குப் போயிருக்கலாம். அப்போது இருக்கும் வழி ரூட் கெனால் அல்லது பிடுங்குவது. ஆன்டிபயாட்டிக் மாத்திரை வீக்கத்தைத் தற்காலிகமாக அடக்கலாம். ஆனால் செத்த நரம்புக்குள் இரத்த ஓட்டமே இல்லாததால் மருந்து அங்கே போய்ச் சேராது. பக்கத்து வீட்டாரிடம் மிச்சமிருந்த மாத்திரையை வாங்கிப் போடுவதில் பயனில்லை.

இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் எக்ஸ்ரே வேண்டும். ஈற்றுக்கு மேலே சுற்றிலும் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நல்ல பல் மிஞ்சியிருந்தால்தான் அதன்மேல் வைக்கும் உறை பிடித்து நிற்கும். சொத்தை ஈற்றுக்குக் கீழே ஆழமாகப் போயிருந்தால், வேர் நெடுக்காகப் பிளந்திருந்தால், ஈறு நோயால் பல் ஆடிக்கொண்டிருந்தால் ரூட் கெனால் பணத்தைத் தின்னுமே தவிர பல்லைக் காப்பாற்றாது. பல்லாண்டு வெற்றிலை பாக்கு மென்ற பெரியவர்களின் பல்லில் விரிசல் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்ல வேண்டும். எதிர்ப்பல் இல்லாமல் தனியே நிற்கும் ஞானப் பல்லையும் பெரும்பாலும் எடுத்துவிடுவதே மேல்.

பிள்ளைகள் விஷயம் தனி. ஆறு வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப் பல்லைப் பால்பல் என்று நினைத்து விட்டுவிடும் பெற்றோர் அதிகம். அது விழுந்து முளைக்காது. வேர் முழுதாக வளராத அந்த வயதில், உயிருள்ள நரம்பின் ஒரு பகுதியையாவது காக்கும் சிகிச்சையைத்தான் முதலில் முயல்வார்கள். பள்ளிக்கு வரும் பல் தாதியர் கொடுத்தனுப்பும் கடிதத்தைப் புத்தகப்பையில் தூங்கவிடாதீர்கள்.

நீரிழிவு, எலும்பு மருந்து, வதந்தி

2019-இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. நம் சமூகத்தில் அளவு அதைவிட அதிகம். ‘இனிப்பு நீர் இருக்கிறது, ரூட் கெனால் கூடாது’ என்பது தவறு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் பிடுங்கிய புண்ணும் சீக்கிரம் ஆறாது. வழக்கமான மருந்தைப் போட்டு, சாப்பிட்டுவிட்டுப் போங்கள். எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ எலும்பை வலுப்படுத்தும் ஊசி போடுகிறவர்களும், கழுத்து, தாடையில் கதிரியக்கச் சிகிச்சை பெற்றவர்களும் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். பிடுங்கிய இடத்தில் அவர்களின் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு என்பதால், முடிந்தவரை பல்லைக் காப்பதே பாதுகாப்பு.

ரூட் கெனால் புற்றுநோய் தரும் என்ற வாட்ஸ்அப் செய்திக்கு ஆதாரம் இல்லை. நூறாண்டுக்கு முன் மேல்நாட்டில் எல்லா நோய்க்கும் பல்லே காரணம் என்று நம்பி ஆயிரக்கணக்கில் பிடுங்கினார்கள். பின்னர் வந்த ஆய்வுகளில் அந்தக் கொள்கை நிற்கவில்லை.

பாதியில் விட்டால்

முதல் தடவையிலேயே வலி நின்றுவிடும். ஒருநாள் சம்பளத்தை விட்டு மறுபடி பஸ் ஏற யாருக்கு மனம் வரும்? தற்காலிக அடைப்பு சில வாரங்களில் விழுந்து, கிருமி திரும்பப் புகுந்து, ஓராண்டில் பல்லும் போகும், பணமும் போகும். உறை போடாமல் விடுவதும் ஏறக்குறைய அதே கதைதான். ரூட் கெனால் செய்து உறை போடாத பற்கள், உறை போட்டவற்றைவிட 6 மடங்கு அதிகமாக இழக்கப்பட்டதாக 2002-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. உறைக்கு வழியில்லாத கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிப் பொய்ப்பல் வைப்பது வெட்கப்படும் முடிவல்ல. ஆகவே சம்மதிக்கும் முன் எத்தனை தடவை வர வேண்டும், உறையோடு சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 வெள்ளிதான். அங்கே பிடுங்க மட்டும்தான் முடியும் என்று நினைக்க வேண்டாம், பல்லைக் காக்க முடியுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கடைவாய்ப் பல் என்றால் நிபுணரிடம் அனுப்பக்கூடும், காத்திருப்பு நீளலாம். சுங்கை பூலோவில் உள்ள மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பல் மருத்துவக் கல்லூரியிலும் விசாரிக்கலாம். அங்கே மாணவர்கள் விரிவுரையாளர் மேற்பார்வையில் சிகிச்சை தருகிறார்கள். நேரம் அதிகம் பிடிக்கும்.

கன்னமோ தாடைக்கு அடியிலோ வீங்கிக் காய்ச்சல் அடித்தால், வாயைத் திறக்கவோ எச்சில் விழுங்கவோ முடியாமல் போனால், கண் வரை வீக்கம் ஏறினால் பல் கிளினிக் திறக்கும்வரை காத்திருக்கக் கூடாது. சீழ் மூச்சுக்குழாயை நெரித்து உயிரையே பறிக்கும். தஞ்சோங் காராங் மருத்துவமனை அல்லது சபாக் பெர்ணமில் உள்ள தெங்கு அம்புவான் ஜெமாஆ மருத்துவமனை, எது பக்கமோ அதன் அவசரப் பிரிவுக்கு இரவானாலும் உடனே போக வேண்டும். வாகனம் இல்லாவிட்டால் 999-ஐ அழையுங்கள்.